நாடிக்கட்டு

முப்பத்தொரு சிங்கி இறால்கள் செத்தன. ஒன்றுகூடப் பதில் சொல்லவில்லை.

செண்பகவல்லி ஒரு கல்லூரி ஆசிரியை. வயது நாற்பத்திரண்டு. சிங்கி இறாலின் தாடைத் தசைக்குள் ஓர் உணர்வுறுப்பு உண்டு, வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அது நரம்பு வழியே சொல்கிறது என்று நிரூபிக்க வந்தவள். நரம்பில் கம்பி வைத்தால் ஸ்பீக்கரில் சத்தம் கேட்க வேண்டும். ஏழு வருஷமாகக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையோடு ஆய்வேடு கொடுக்கும் கெடு முடிகிறது.

கடலோர ஆய்வகத்தில் பேராசிரியர் கஸ்பார் முன் போய் நின்றாள்.

"அப்படி ஓர் உறுப்பே இல்லைன்னு எழுதிடட்டுமா சார்?"

"எழுது."

"அது உண்மையா?"

"எனக்கென்ன தெரியும்?"

"ஏழு வருஷம் சார். வீட்டுல இப்ப யாரும் கேட்கறதுகூட இல்லை."

தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"தாடையோட சேர்த்து உச்சந்தலையில கட்டு. இறுக்கி."

கட்டினாள்.

"உன் பேரைச் சொல்லு."

"ம்ம்... ம்ம்ம்."

"கேட்கலை. செண்பகவல்லிக்கு நாக்கே இல்லைன்னு எழுதிக்கறேன்."

முடிச்சை அவிழ்க்கப் போன கை நின்றது. கம்பி ஆடக் கூடாதென்று ஒவ்வோர் இறாலின் வாயையும் நூலால் கட்டித்தான் சோதித்திருந்தாள். வாய் திறந்தால்தான் அந்தத் தசை இழுபடும். இழுபட்டால்தான் உறுப்பு பேசும்.

துண்டை உருவினாள்.

"பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஏன் சொல்லலை?"

"இறால் வாயைக் கட்டச் சொன்னதே நான்தானே."

"அப்ப முப்பத்தொண்ணும்..."

"வீண்."

அவர் எழுந்து தொட்டியருகே போனார். நேற்றுக் கம்பி வைத்த முப்பத்திரண்டாவது இறால் உயிரோடு கிடந்தது. அதன் வாயில் நூல் இல்லை. ஒரு துண்டு மட்டிச் சதையை நீட்டினார். அது வாயைத் திறந்தது.

ஸ்பீக்கர் கடுகு வெடிப்பதுபோல் பொரிந்தது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெகு நேரம் அழுதாள்.

"இந்த ஒண்ணை வச்சு என்ன சார் எழுதறது?"

"ஆய்வேடு எழுத முடியாது. முப்பத்தொண்ணை வாயைக் கட்டிக் கொன்னோம்னு எழுதலாம். நூலை அறுத்தது யாருன்னும் எழுது."

"நீங்கதானே?"

"நான் எங்கே அறுத்தேன்? காலையில தொட்டி கழுவ வந்தவ பார்த்தா. 'செத்தவங்களுக்குத்தானய்யா வாயைச் சேத்து நாடிக்கட்டு கட்டுவாங்க? உசிரோட கெடக்கிறதுக்கு எதுக்கு?'ன்னா. அவளே அறுத்துட்டுப் போயிட்டா."

செண்பகவல்லி பேனாவைத் திறந்தாள். ஏழு வருஷம் அந்தத் தொட்டியைக் கழுவியவளின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை.

"பேரென்ன சார்?"

"சலேத்தம்மாள்."