கண்ணைக் கட்டி ஒளிச்ச பேக்கப்

ஏய், பின்னாடி என்ன சளசளன்னு பேச்சு? எல்லாரும் உக்காருங்க. நின்னுக்கிட்டே கேட்டா சிரிச்சு விழும்போது அடி பலமா படும். ஒண்ணு சொல்லிடறேன், இந்தக் கதையில வர்றவங்களுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அவங்களுக்கு ஆபீஸ் இருந்துச்சு, நமக்கு இல்ல. அவ்வளவுதான்.

துறையூர்ல ஒரு கல்யாண தகவல் மையம். மேனேஜர் வடுகநாதன், கிளார்க்குங்க அய்யாக்கண்ணு, சொக்கலிங்கம், மூலையில டைப் அடிக்கிற ஏகவல்லி. அந்தம்மா வாயைத் திறந்து யாரும் பாத்ததில்ல. கொட்டாவியைக்கூட மூக்காலதான் விடும். யாருக்கு நிஜ வயசு என்ன, யார் தலையில இருக்கறது சொந்த முடி, எல்லா ரகசியமும் ஒரே கம்ப்யூட்டர்ல.

நாப்பது வயசு அய்யாக்கண்ணுக்கு ஒருவழியா அங்கேயே ஒரு வரன் அமைஞ்சுது. முசிறிப் பொண்ணு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள போன் பண்ணி சம்மதம் சொல்லணும், இல்லேன்னா வேற இடம் பாத்துக்குவோம்னு சொல்லிட்டாங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கற வரன் நம்பரை சொந்த போன்ல ஏத்தக்கூடாதுன்னு ரூல். மனுஷன் வரப்போற மாமனார் நம்பரையும் ஏத்தல.

அந்த வெள்ளிக்கிழமை பாத்து கம்ப்யூட்டர்காரர் வந்தாரு. எல்லாத்தையும் பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்தாரு. வாரா வாரம் இப்படி பேக்கப் எடுங்க, ஒரே இடத்துல வைக்காதீங்க, எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியக்கூடாது, வேலை செய்யுதான்னு சோதிச்சுக்கங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

ஒரே இடத்துல வைக்கக்கூடாதா? சொக்கலிங்கம் அதைக் கையில வச்சுக்கிட்டு ஆபீஸையே சுத்த ஆரம்பிச்சாரு. கால் அரிச்சு நின்னாலும் மேனேஜர் அதட்டுவாரு. மத்தியானம் தலை சுத்திப்போய், காலண்டர் முருகனைப் பாத்து டீ சொல்லட்டுமான்னு கேட்டாரு. சரி, அய்யாக்கண்ணு அதை ஒளிச்சே வச்சிரட்டும்னு முடிவாச்சு.

"ஒளிக்கறவனுக்குத் தெரிஞ்சிடுமே சார்" அப்படின்னாரு அய்யாக்கண்ணு.

"யாருக்கும்னா அதுல நீயும் வருவியா?"ன்னு கேட்டாரு மேனேஜர்.

"வருவேன் சார். ரேஷன் கார்டுல பேர் இருக்கு."

"அப்ப உனக்கும் தெரியக்கூடாது."

துண்டால அவரு கண்ணைக் கட்டினாங்க. மேனேஜரும் சொக்கலிங்கமும் சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டாங்க. அய்யாக்கண்ணு ஒரு நாற்காலியை உதைச்சு, அதுகிட்ட மன்னிப்புக் கேட்டு, பென்டிரைவை எங்கேயோ சொருகிட்டு வந்தாரு.

அடுத்து சோதனை. அசல் இருக்கும்போது நகல் வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்னு கேட்டாரு சொக்கலிங்கம். நல்ல கேள்விதான். அய்யாக்கண்ணு தன் கையாலயே கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் அழிச்சாரு. துறையூர்ல கல்யாணமாகாத அத்தனை பேரும் ஒரே தட்டுல காலி. மூணு பேரும் கை தட்டினாங்க. அப்புறம்தான் அவருக்கு முசிறி ஞாபகம் வந்துச்சு.

பீரோ, பிரிண்டர், சக்கரை டப்பா எல்லாம் கொட்டிப் பாத்தாச்சு, பென்டிரைவைக் காணோம். மறுபடி கண்ணைக் கட்டினா கை தானா போகும்னு மேனேஜர் சொன்னாரு. கட்டினாங்க. அய்யாக்கண்ணு அதே நாற்காலியை உதைச்சு, வாசலைத் தாண்டி, பக்கத்து சலூன்ல போய் உக்காந்துட்டாரு. பாதி மீசையோடதான் திரும்பி வந்தாரு.

இருட்டிடுச்சு. "என் கல்யாணம் போச்சே சார்"னு தரையில உக்காந்துட்டாரு.

மேனேஜர் தோளைத் தட்டிக் குடுத்தாரு. "மனசைத் தேத்திக்கப்பா. ரகசியம் எவ்வளவு பத்திரமா இருக்கு பாரு. உலகத்துல ஒரு ஆளுக்குத் தெரியாது."

அப்பத்தான் மூலையில ஏகவல்லி வாயைத் திறந்துச்சு.

"எனக்குத் தெரிஞ்சுது சார். என் கண்ணை யாரு கட்டினீங்க? யாருக்கும் தெரியக்கூடாதுன்னீங்களேன்னு மத்தியானத்துலேருந்து கஷ்டப்பட்டு, இப்பத்தான் முழுசா மறந்து முடிச்சேன். மறுபடி ஞாபகப்படுத்திக் கெடுத்துடாதீங்க."