பன்றி சுமந்து வந்த சாட்சியம்

மழையும் வெயிலும் முறை தவறாமல் வந்துபோன காலத்திலே, ஒரு காட்டிலே, ஒரு வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடைசியில் ஒரு பள்ளம். அதில் ஒரு தவளையும் அதன் நூறு தலைப்பிரட்டைக் குஞ்சுகளும் குடியிருந்தன.

ஒருநாள் பள்ளத்துக்குத் தண்ணீர் வரவில்லை. மேலே ஒரு காட்டுப்பன்றி, புரள்வதற்குச் சேறு வேண்டும் என்று, குச்சியும் கல்லும் மண்ணும் போட்டு வாய்க்காலை அடைத்திருந்தது. தவளை போய்க் கேட்டது.

"எந்த வாய்க்கால்?" என்றது பன்றி, சேற்றிலிருந்து தலையைத் தூக்காமலே.

தவளை வழக்குப் போட்டது. அந்தக் காட்டுக்கு ஆமைதான் நீதிபதி. அவசரப்படாத குணம் என்று எல்லோருமாகச் சேர்ந்து அதை உட்கார வைத்திருந்தார்கள். ஆமையும் அந்த நல்ல பெயரை ஒருநாளும் கெடுத்துக்கொண்டதில்லை. பன்றிக்கு வக்கீல், நரி.

"ஐயா, ஒரு நடை வந்து அடைப்பைப் பாருங்கள். என் பிள்ளைகளுக்கு இன்னும் நாலு நாள் தண்ணீர்தான் இருக்கிறது" என்றது தவளை.

அதெப்படி முடியும் என்றது நரி. அது பன்றியார் குளிக்கும் இடம். குளிக்கிற இடத்தை எட்டிப் பார்ப்பது மரியாதையா?

ஆமை யோசித்தது. நிழல் மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும்வரை யோசித்தது. பிறகு உத்தரவு போட்டது. யாரும் அங்கே போய்ப் பார்க்க வேண்டாம். விசாரணை தொடங்குமுன் அடைப்பிலிருந்து சாட்சியமாகத் தவளைக்கு எது வேண்டுமோ அதைக் கேட்கலாம். பன்றி அதை மன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

மறுநாள் தவளை ஒரே ஒரு குச்சியைக் கேட்டது, பன்றியின் பல் பதிந்த குச்சி. எந்த மரத்துக் குச்சி, எத்தனை சாண் நீளம், மேல்பல்லா கீழ்ப்பல்லா, ஒன்றும் தெளிவில்லையே என்று நரி ஆட்சேபித்தது. ஆமை வாய்தா கொடுத்தது.

மூன்றாம் நாள், மேல்பல் என்றது தவளை. மேல்பல் பன்றியாரின் சொந்த விஷயம் என்றது நரி. இன்னொரு வாய்தா.

தவளை வீடு திரும்பியபோது குஞ்சுகளின் முதுகு தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

"அம்மா, முதுகு சுடுது."

தவளை ஓர் இலையை இழுத்து அவற்றின் மேல் போட்டது. பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தது.

நாலாம் நாள் அது சொன்னது: "ஐயா, எனக்கு அந்தக் குச்சி மட்டும் போதாது. அடைப்பில் இருக்கிற அத்தனையும் வேண்டும். ஒரு கல், ஒரு பிடி மண் விடக்கூடாது. நானே தேடிக்கொள்கிறேன்."

நரிக்கு முகமெல்லாம் பல். பன்றியின் காதருகே குனிந்தது. "கொண்டுவந்து கொட்டுங்கள் அண்ணே. இவள் கிளறி முடிப்பதற்குள் இவளுக்குக் கொள்ளுப்பேத்தி பிறந்துவிடும்."

பன்றி சுமந்தது. உச்சிவெயில் முழுக்கச் சுமந்தது. ஒவ்வொரு நடைக்கும், எங்கள் தரப்பின் ஒத்துழைப்பைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று நரி ஆமையிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசிப் பிடி மண்ணும் வந்து விழுந்தது. குவியல் ஆமையையே மறைத்தது.

"தேடம்மா, நிதானமாகத் தேடு" என்றது நரி.

தவளை குவியலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூரத்தில் சலசலவென்று ஒரு சத்தம் பள்ளத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"வேண்டியது கிடைத்துவிட்டது, வக்கீலய்யா" என்று சொல்லிவிட்டு அது தாவிப் போய்விட்டது.

பன்றிக்கு அப்போதுதான் விளங்கியது. குவியலுக்குள் மூக்கை நுழைத்து அள்ளப் போனது.

"தொடாதே" என்றது ஆமை. அந்த வழக்கிலேயே அது வேகமாகச் சொன்ன ஒரே வார்த்தை. "இது மன்றத்தின் காவலில் உள்ள சாட்சியம். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு முடிக்கும்வரை எதுவும் நகரக்கூடாது. வாய்க்காலில் புதிதாக ஏதாவது கொண்டுபோய் வைத்தாலும், சாட்சியத்தைக் கலைத்த குற்றம்."

"எண் போட எத்தனை நாளாகும்?"

ஆமை முதல் குச்சியை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது.

பன்றி தன் வக்கீலைத் தேடியது. நரி எப்போதோ நழுவியிருந்தது. பன்றியும் உடம்பெல்லாம் காய்ந்த சேற்றோடு வேறு காடு பார்த்துப் போனது. ஆளில்லாத மன்றத்தைப் பார்த்து ஆமை முறைப்படி வாய்தா சொல்லிவிட்டு, மெல்ல நடந்து போனது.

ஒரு குச்சி அளவு உண்மையைக் காட்ட மறுப்பவன், முடிவில் மொத்த உண்மையையும் தன் முதுகிலேயே சுமந்துவந்து கொட்டுவான்.