அரசர் தும்மினார், சபை வாய் திறக்கவில்லை

முன்னொரு காலத்தில் சங்குமுனை என்ற துறைமுக நாட்டை அதிவீரகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதே அவருக்கு வேதம். அவர் காதுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தவர், துறைமுகத்தில் மிளகுக்குத் தீர்வை வாங்கும் சுங்கத் தலைவர் மானாபரணர்.

அந்தச் சபையின் கட்டியக்காரன் தோணியப்பன். ராஜா வரும்போது முன்னால் நின்று பட்டப்பெயர்களை முழங்கி, "பல்லாண்டு வாழ்க!" என்று முடிப்பது அவன் வேலை. குரல் என்றால் அப்படியொரு குரல்! ராஜா ஒருநாள், "மானாபரணரே, உம் ஆலோசனையைவிட இவன் குரல்தான் எனக்கு இதமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். அன்று பிடித்தது மானாபரணருக்கு வயிற்றெரிச்சல்.

அவர் ஒரு யோசனையோடு வந்தார். "அரசே, ஊரார் தீர்வை கட்டாத மிளகைப் பதுக்குகிறார்கள். சோதனை போட ஓர் ஓலை தாருங்கள்."

ஓலையா அது! யார் வீடு என்று அதில் எழுதவில்லை. என்ன காரணம் என்று எழுதவில்லை. கையில் வைத்திருப்பவர் எந்த வீட்டிலும் நுழையலாம், எந்தப் பூட்டையும் உடைக்கலாம்.

"எத்தனை நாளைக்குச் செல்லும்?" என்று கேட்டார் ராஜா.

மானாபரணர் குழைந்தார். "தாங்கள் உயிரோடு இருக்கும் நாள்வரை, அரசே! தங்கள் ஆயுள்தானே எங்களுக்கு எல்லை!"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முத்திரையைக் குத்திவிட்டார்.

மிளகு இல்லாத வீடு எது, சொல்லுங்கள் பார்ப்போம்? ரசம் வைக்காத அடுப்பு உண்டா? சுங்கக்காரர்கள் அஞ்சறைப்பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். நெற்குதிர்களில் கம்பியை விட்டுக் குத்தினார்கள். தலையணைகளைக் கிழித்தார்கள். மந்திரி வீட்டையும் விடவில்லை, சேனாதிபதி வீட்டையும் விடவில்லை.

தோணியப்பன் வீட்டுக்கு மட்டும் மானாபரணரே நேரில் வந்தார். அவன் மனைவி சொர்ணம் பிள்ளை பெற்று அன்று ஐந்தாம் நாள்.

"ஐயா, அது பிள்ளை பெத்தவ படுத்திருக்கற அறை. ஆம்பளைங்க போகக் கூடாது" என்று மறித்தான் தோணியப்பன்.

மானாபரணர் ஓலையை அவன் முகத்துக்கு நேரே ஆட்டினார். "போகக் கூடாத அறை என்று இதில் ஒன்றும் இல்லையே!"

உள்ளே போனார்கள். முறத்தில் தூங்கிய பச்சைக் குழந்தையைத் தூக்கிவிட்டு அடியில் இருந்த துணியைத் துழாவினார்கள். பெற்றவளுக்கு மருந்து இடிக்க வைத்திருந்த ஒரு கைப்பிடி மிளகை அள்ளிக்கொண்டு போனார்கள். குழந்தை வீறிட்டு அழுதது. தோணியப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

சொர்ணம் அழவில்லை. "ஏங்க, அந்த ஓலை எத்தனை நாளைக்காம்?"

"ராஜா உசுரோட இருக்கற வரைக்கும்."

"நாளைக்கு அவர் பொறந்தநாளு. அவர் முன்னால நின்னு பல்லாண்டு வாழ்கன்னு கத்தப்போறீங்க. இவனுங்க பல்லாண்டு நம்ம வீட்டுக்குள்ள வரட்டும்னுதானே அதுக்கு அர்த்தம்?"

அந்தக் கேள்வி தோணியப்பனோடு சபைவரைக்கும் வந்தது.

மறுநாள் சபையில், பிடித்த மிளகை மூட்டை மூட்டையாக அடுக்கிவைத்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார் மானாபரணர். ராஜா வந்தார். தோணியப்பன் பட்டப்பெயர்களை எல்லாம் முழங்கினான். பல்லாண்டு சொல்லும் இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டான்.

"என்ன, தொண்டை கட்டிக்கொண்டதா?" என்றார் ராஜா.

"தொண்டை நன்றாக இருக்கிறது, அரசே. மனம்தான் வரவில்லை."

"ராஜத்துரோகம்!" என்று துள்ளினார் மானாபரணர். "யானைக் காலில் போடுங்கள்!"

ராஜாவின் முகம் சிவந்தது. "வாழ்த்து. இல்லையென்றால் தலை போகும்."

"போகட்டும், அரசே. பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்பார்கள். இன்று மிளகு இருப்பதால் எங்கள் சொந்த வீட்டிலேயே நிம்மதியாக உண்ண முடியவில்லை. அந்த ஓலைக்குத் தங்கள் ஆயுளைத்தான் கெடுவாக வைத்தார் மானாபரணர். தாங்கள் நூறு வயது வாழ்ந்தால் அதுவும் நூறு வயது வாழும். நான் எப்படி வாழ்த்துவேன்?"

"இவன் ஒருவன்தான் துரோகி! மற்றவர்கள் எல்லாரும் தங்களுக்காக உயிரையே கொடுப்பார்கள்" என்றார் மானாபரணர்.

"உயிர் வேண்டாம். ஒரு வார்த்தை கொடுக்கிறார்களா என்று பாருங்கள்" என்றான் தோணியப்பன். "அரசே, தாங்கள் ஒரே ஒரு தும்மல் தும்முங்கள்."

யாராவது தும்மினால் பக்கத்தில் இருப்பவர் "நூறு!" என்று ஆயுளை வாழ்த்துவது வழக்கம். ராஜா தும்மினால் கேட்கவே வேண்டாம், சபையின் கூரை அதிரும். ராஜாவுக்கும் ஆவல் வந்துவிட்டது. எழுந்துபோய் ஒரு மிளகு மூட்டைக்குள் மூக்கை நுழைத்து மூச்சை இழுத்தார்.

"ஹச்ச்சூ!"

மந்திரி உத்தரத்தைப் பார்த்தார். சேனாதிபதி தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். அவரவர் வீட்டு அஞ்சறைப்பெட்டி அவரவர் கண்ணில் நின்றது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"நூறு! நூறு! இல்லை, நூற்றிருபது!" என்று மானாபரணர் மட்டும் கத்தினார்.

"பார்த்தீர்களா, அரசே?" என்றான் தோணியப்பன். "ஓலையை வைத்திருப்பவர் மட்டும்தான் தாங்கள் வாழவேண்டும் என்கிறார்."

ராஜாவின் முகம் வெளுத்தது. தன் சபையிலேயே தன் சாவுக்கு இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஓலையை வாங்கி, எல்லார் கண்ணெதிரிலும் விளக்கில் காட்டிக் கொளுத்தினார். "இனி ஒருவன் வீட்டில் சோதனை என்றால், யார் வீடு, என்ன காரணம் என்று எழுதி, புகார் சொன்னவன் கையெழுத்தோடு என்னிடம் வரவேண்டும்."

ஓலை புகைந்தது, ராஜா மறுபடியும் தும்மினார். "நூறு!" என்று எழுந்த சத்தத்தில் துறைமுகத்து நாரைகள் எல்லாம் பறந்துபோயின. முதல் குரல் யாருடையது என்று நான் சொல்லவேண்டுமா?

ராஜா தன் கைக் கடகத்தைக் கழற்றித் தோணியப்பனுக்குப் போட்டார். பிறகு மானாபரணர் பக்கம் திரும்பினார். "எடுத்த மிளகை வீடு வீடாக நீரே சுமந்துபோய்க் கொடும். வீட்டுக்காரர் 'வாங்க' என்று கூப்பிடாமல் ஒரு வாசலையும் மிதிக்கக் கூடாது. கையில் கொடுக்காமல் திரும்பவும் கூடாது."

முதல் வீடு தோணியப்பன் வீடு. உச்சி வெயில். மானாபரணர் ஒரு கைப்பிடி மிளகை ஏந்திக்கொண்டு தெருவில் நின்று, "அம்மா... அம்மா..." என்று குரல் கொடுத்தார்.

சொர்ணம் உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தாள். "பிள்ளை தூங்குது, கத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதை அவ்வளவுதான். நான் கடைசியாக அந்தத் தெரு வழியாகப் போனபோதும் மனிதர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். சொர்ணம் இன்னும் "வாங்க" என்று சொல்லவில்லை.