அளவுச் சட்டை

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சிலம்பக் களத்தின் விறகுக் கொட்டகையிலிருந்து ஒரு சத்தம். தொம், தொம், தொம். நடுநடுவே யாரோ முனகுவது போல.

மரநாய் என்றான் ஒருவன். மரநாய் தாளம் போடாது என்றான் இன்னொருவன். நான்கு பேர் கம்போடு போய்க் கதவைத் தள்ளினார்கள்.

உள்ளே தையல்காரர் வேதமாணிக்கம். ஐம்பது வயது. ஏதோ பாட்டை முனகிக்கொண்டு, குதிகாலை ஊன்றி ஊன்றி வட்டமாக நடந்துகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உங்களைப் பொண்ணு பார்க்க வர்றாங்களோ?" என்றான் இசக்கி. ஆறடி உயரம், அதற்கேற்ற வாய்.

வேதமாணிக்கம் களத்துக்கு வந்து இரண்டு மாதம். முப்பது வருடம் மிஷின் முன்னால் உட்கார்ந்து கால் மரத்துப்போயிருந்தது. இப்படியே விட்டால் அடுத்த வருடம் மிதிக்க முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

களத்தில் விடியுமுன் எல்லோரும் வரிசையாக நின்று, உரக்க எண்ணி, ஒன்றாகக் காலடி வைப்பார்கள். அதற்குச் சுவடு என்று பெயர். கல்யாண மாதத்தில் வேதமாணிக்கம் படுக்கவே இரண்டு மணியாகும். எப்படியோ வந்து நின்றாலும், நாற்பது கண் பார்க்கும்போது கால் பின்னிக்கொள்ளும்.

அன்றே ஆசானிடம் போனார். ஆசான் செண்பகவல்லி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். தனக்குச் சுவடு வராது, களத்துக்கு வருவதை நிறுத்திக்கொள்கிறேன் என்றார் வேதமாணிக்கம்.

கொட்டகையில் எவ்வளவு நேரம் நடந்தீர்கள் என்று கேட்டார் ஆசான். ஒரு மணி நேரம் இருக்கும் என்றார். கால் மரத்ததா? இல்லை.

ஆசான் உள்ளே போய் ஒரு துணி எடுத்து வந்தார். தனக்கு ஒரு சட்டை வேண்டும் என்றார். அளவுக்கு என்று அவர் நீட்டியது களத்துக் கொடியில் கிடந்த இசக்கியின் சட்டை.

வேதமாணிக்கம் சட்டையைப் பார்த்தார். ஆசானைப் பார்த்தார். இரண்டையும் வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை, ஆசான் அந்தச் சட்டையை மேலே போட்டுக்கொண்டு களத்தில் இறங்கினார். கை விரல்வரை துணி. இரண்டாவது சுற்றில் கம்பு சட்டைக் கையில் சிக்கித் தரையில் விழுந்தது. ஆசான் கையிலிருந்து கம்பு விழுந்து யாரும் பார்த்ததில்லை. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வேதமாணிக்கம் வரிசையைப் பிளந்துகொண்டு நடுக்களத்துக்கு வந்தார். நாற்பது கண்ணும் அவர்மேல்தான். கால் பின்னவில்லை.

"அதைக் குடுங்க. என் கையால தச்ச துணி யார் உடம்புலயும் இப்படித் தொங்கினதில்ல."

"நல்ல தையல்தானே அண்ணாச்சி."

"தையல்ல குத்தமில்ல. அளவு தப்புன்னு வாங்கும்போதே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் தச்சீங்க?"

"நீங்க குடுத்தீங்க."

ஆசான் சட்டையைக் கழற்றி, மடித்து, அவர் கையில் வைத்தார்.

"சுவடும் நான் குடுத்த அளவுதானே அண்ணாச்சி," என்றார்.

வேதமாணிக்கம் மடித்த சட்டையை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு திரும்பி, வெளிவாசல் பக்கம் போகாமல், கொட்டகையைப் பார்த்து நடந்தார். தோள் நிமிர்ந்திருந்தது.

இசக்கி பின்னாலேயே ஓடி, நானும் வந்து பார்க்கட்டுமா என்றான்.

அவர் சட்டையை அவன் கையில் திணித்தார்.

"உனக்குச் சரியா இருக்கும். போட்டுக்கிட்டுப் போய் வரிசையில நின்னு எண்ணு."

உள்ளே போனார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.