பொக்கிஷதாரின் நெஞ்சுக் காயம்

முன்னொரு காலத்தில், பல்லுக்கு விலை வைத்த ராஜா ஒருவர் இருந்தார். பெயர் உத்தமதீரர். அவருடைய நாட்டில் ஒருவன் இன்னொருவனின் காதைக் கடித்துவிட்டால் போதும், கடிபட்டவனின் மாமன் மச்சான் எல்லாரும் அரிவாளோடு கிளம்பிவிடுவார்கள். இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன ராஜா ஒருநாள், “இனி வெட்டுக்கு வெட்டு கிடையாது. அடித்தவன் அடிபட்டவனுக்குப் பொன் கொடுக்கட்டும்” என்று உத்தரவு போட்டார். உச்சந்தலை முதல் கால் சுண்டுவிரல் வரை விலைப்பட்டியல் எழுதப்பட்டது. கட்டைவிரலுக்கு இருபது பொன். முன்பல்லுக்கு ஆறு. கடைவாய்ப்பல்லுக்கு ஒன்றே ஒன்று. வெளியே தெரியும் காயத்துக்கு முழு விலை, மறைந்திருக்கும் காயத்துக்குப் பாதி.

முதல் வழக்கே பொக்கிஷதார் திருவேங்கடர் மேல் வந்தது. தமது பட்டு வேட்டியில் எண்ணெய் தெறித்தது என்று, எண்ணெய் விற்கும் காத்தாயியைப் பிரம்பால் அடித்து முன்பல் ஒன்றை உதிர்த்துவிட்டார்.

“வாயை மூடினால் பல் தெரியாது, பிரபு. ஆகவே இது மறைந்த காயம். மூன்று பொன்தான்” என்றார் திருவேங்கடர்.

ராஜா பட்டியலைப் பார்த்துவிட்டுச் சரியென்று தலையசைத்தார்.

“அப்போ நான் சோறு திங்க வேணாமா சாமி? எண்ணெய்யோ எண்ணெய்னு கூவ வேணாமா?” என்றாள் காத்தாயி.

விகடகவி அம்பலவன் முன்னால் வந்தான். “அரசே, பொக்கிஷதார் வாயைத் திறந்தால்தான் பொய் வருகிறது. மூடியிருக்கும் நேரத்தில் அவரும் பாதி யோக்கியர்தான்” என்றான்.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தார். திருவேங்கடருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மறுநாள் அவர் மார்பைப் பிடித்துக்கொண்டே சபைக்கு வந்தார். “மகாராஜா! அம்பலவனின் சொல் என் நெஞ்சைக் காயப்படுத்திவிட்டது. நெஞ்சுக்குப் பட்டியலில் விலையே இல்லை. உயிர் குடியிருக்கும் இடம்! ஆயிரம் பொன் விதிக்க வேண்டும். கொடுக்க வழியில்லையென்றால் இவனை நாடு கடத்த வேண்டும்.”

புதுப் பட்டியலில் ஒரு வரி கூடுகிறது என்றதும் ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “எழுதுங்கள், ஆயிரம் பொன்!” என்றார்.

அம்பலவன் வீட்டில் இருந்த பொன் எல்லாம் மனைவியின் மூக்குத்திதான். ஆனாலும் அவன் கைகூப்பினான்.

“கொடுக்கிறேன் அரசே. ஆனால் நெஞ்சு மறைவாக அல்லவா இருக்கிறது? மேலே அங்கவஸ்திரம், ஐந்நூறு. அதற்குக் கீழே சட்டை, இருநூற்றைம்பது. அப்புறம் தோல், நூற்றிருபத்தைந்து. அப்புறம் கொழுப்பு. அது எத்தனை அடுக்கு என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.”

அரண்மனை வைத்தியருக்கு விளையாட்டே தெரியாது. பொக்கிஷதாரின் வயிற்றை உற்றுப் பார்த்து, “பதினைந்துக்குக் குறையாது” என்றார்.

“அடுக்குக்கு அடுக்கு பாதியாக்கினால் ஒரு குன்றிமணிப் பொன்கூடத் தேறாது. இதோ, இப்போதே தருகிறேன்” என்றான் அம்பலவன்.

“அநியாயம்!” என்று கத்தினார் திருவேங்கடர். “மறைந்திருந்தால் வலி குறைந்துவிடுமா? காயம் என்றால் காயம்தான். முழு விலை வேண்டும்!”

“அப்படியே ஆகட்டும்” என்றான் அம்பலவன். “முழு விலை கேட்பவர்கள் காயத்தைத் திறந்து காட்டட்டும். காத்தாயி, வாயைத் திற.”

அரண்மனை விளக்குக்கு எண்ணெய் அளக்க வந்து தூணோரம் நின்றவள் ‘ஆ’வென்று திறந்தாள். பல் விழுந்த ஓட்டை சபை முழுவதற்கும் தெரிந்தது.

“இப்போது பொக்கிஷதார் நெஞ்சைத் திறக்கட்டும்.”

வைத்தியர் கடமை தவறாமல் பையிலிருந்து கத்தியை எடுத்துத் துணியில் துடைத்தார். “மல்லாந்து படுங்கள்” என்றார்.

திருவேங்கடர் நான்கடி பின்னால் துள்ளினார். “ஆறிவிட்டது! காயம் ஆறிவிட்டது, பிரபு! சுவடே இல்லை!”

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் மடியில் விழுந்தது. பாதி விலை என்ற வரியை அங்கேயே அடிக்கச் சொன்னார். மீதி மூன்று பொன்னைத் திருவேங்கடரே எண்ணிக் காத்தாயி கையில் வைத்தார்.

“அம்பலவா, சிரித்துச் சிரித்து என் விலா நோகிறதே. இதற்கு யார் பொன் கொடுப்பது?”

“சிரித்தவரா, சிரிக்க வைத்தவனா என்று பட்டியலில் இல்லை அரசே. என்னிடம் ஒரு மூக்குத்தி இருக்கிறது. அதையும் மனைவியைக் கேட்டுத்தான் தர வேண்டும்.”

“வேண்டாமப்பா, நானே கொடுத்துவிடுகிறேன்” என்று சொல்லி, ராஜா தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.