பரிமாறும் முறை

காலை ஒன்பது மணிக்கு அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை ஒட்டினார்கள்.

விடுதி உணவுக்கூடத்தில் பாகுபாடு காட்டப்படுவதாகக் குறை உள்ள மாணவியர் பதினொரு மணிக்கு முதல்வர் அறைக்கு வரலாம். தனித்தனியாக வர வேண்டும். அடையாள அட்டையும் பெற்றோரின் தொலைபேசி எண்ணும் கொண்டுவர வேண்டும்.

மாரிக்கனி அதை இரண்டு முறை படித்தாள். 'தனித்தனியாக' என்ற இடத்தில் கண் நின்றது. 'தொலைபேசி எண்' என்ற இடத்திலும் நின்றது.

அவள் எம்.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் ஆண்டு. தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம். அவளுடைய அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். அந்த ஆபீஸின் முதலாளிதான் கல்லூரி நிர்வாகக் குழுவில் முதல் நாற்காலியில் உட்காருகிறவர்.

அவளுக்குப் பின்னால், அலுவலகத்தின் எதிரே இருந்த வேப்பமரத்தடியில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இன்றோடு நான்காவது நாள். கையில் சார்ட் அட்டைகள். 'மூன்று பெயரையும் பட்டியலில் சேர்' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான் கோரிக்கை.

விடுதியில் மாணவிகளே முறைவைத்துப் பரிமாறுவார்கள். போன மாதம் மாரிக்கனியின் முறை வந்தபோது, அவள் கூட்டு வாளியோடு போக, ஒரு பெஞ்சு முழுக்க எழுந்து தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போனது. மறுநாள் வார்டன் உலகம்மை அவளைக் கூப்பிட்டு முதுகில் கைவைத்துச் சொன்னார்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்? படிக்கிற பிள்ளை. இனிமே நீ உட்கார்ந்து சாப்பிட்டாப் போதும்."

அந்தக் குரல் அவ்வளவு பிரியமாக இருந்தது. "தேங்க்ஸ் மேடம்" என்றாள் மாரிக்கனி. அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. பரிமாறும் முறைப் பட்டியலைப் போய்ப் பார்த்தாள். மூன்று பெயர்களை அடித்து, எதிரே 'விலக்கு' என்று எழுதியிருந்தது. விடுதியில் காலனியிலிருந்து வந்தவர்கள் மொத்தமே மூன்று பேர்தான்.

மற்ற இருவரில் ஒருத்தி ஊருக்குப் போய்விட்டாள். இன்னொருத்தி, "என் பேரை இதுல இழுக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டுவிட்டாள்.

மரத்தடியிலிருந்து பெனாசிர் எழுந்து வந்தாள். போராட்டத்தைத் தொடங்கியவள் அவள்தான். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"ஏ மாரி, நாங்க நாப்பது பேரு இருக்கோம். ஆனா உள்ள போய்ச் சொல்ல நீ ஒருத்திதான் இருக்க."

"தெரியும்ளா."

"போவியா?"

மாரிக்கனி கணிதத் துறைப் பக்கம் நடந்தாள்.

செண்பகவல்லி மேடத்தின் அறைக் கதவு எப்போதும் பாதி திறந்திருக்கும். ஐந்து வருடமாக மாரிக்கனி அவரிடம்தான் படிக்கிறாள். அவரிடம் கேள்வி கேட்டால் பதில் உடனே வராது. சில சமயம் வாரம் கழித்து, மாடிப்படியில் எதிர்ப்படும்போது வரும். சில சமயம் வரவே வராது. ஆனாலும் பிள்ளைகள் அவரிடம்தான் கேட்டார்கள்.

அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"பயம் எப்படிப் போகும்?"

பேனா நின்றது. அவர் நிமிரவில்லை.

"எதுக்குப் பயப்படுற?"

"அம்மா வேலைக்கு. இன்டர்னல் மார்க்குக்கு. கான்டக்ட் சர்டிபிகேட்டுக்கு. மறுபடி வாளியைத் தூக்கிட்டுப் போறதுக்கு. அதுக்குத்தான் ரொம்ப."

அவர் கையிலிருந்த விடைத்தாளைப் புரட்டினார்.

"பதினொரு மணிக்கு நானும் அங்க இருப்பேன்" என்றார் செண்பகவல்லி.

"எங்களுக்காகவா மேடம்?"

"விசாரணைக் குழுவுல நானும் ஒரு உறுப்பினர்."

நான்கு நாளாக ஆசிரியர்கள் எல்லோரும் வேப்பமரத்தைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். இவரும் அப்படித்தான் போனார். அது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது.

"நான் கேட்டதுக்கு?"

"விடைத்தாள் நிறைய இருக்கு. நீ போ."

பதினொரு மணிக்கு மாரிக்கனி முதல்வர் அறைக்குள் போனாள். கால் தானாகப் போனது போலத்தான் இருந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். நடுவில் முதல்வர். ஒரு பக்கம் அலுவலகக் கண்காணிப்பாளர், குறிப்பு நோட்டோடு. மறுபக்கம் செண்பகவல்லி. அவருக்கு அடுத்து வார்டன் உலகம்மை.

யார்மேல் புகாரோ அவரே விசாரிக்கவும் உட்கார்ந்திருந்தார்.

மேசைக்கு இந்தப் பக்கம் சுவரோரமாக ஒரு மர பெஞ்சு மட்டும் கிடந்தது. அவள் அதன் நுனியில் உட்கார்ந்தாள்.

"அம்மா நம்பரைச் சொல்லும்மா" என்றார் முதல்வர்.

சொன்னாள். கடைசி இரண்டு எண்கள் மாறிவிட்டன. மறுபடி சொன்னாள். கண்காணிப்பாளர் அதை எழுதி அடிக்கோடு போட்டார்.

"சொல்லு. உன்னை யாராவது சாதி சொல்லித் திட்டினாங்களா?"

"இல்ல சார்."

"அடிச்சாங்களா?"

"இல்ல சார்."

"சாப்பாடு போடாம விட்டாங்களா?"

"இல்ல சார். என்னைப் போட விடல."

முதல்வர் வார்டனைப் பார்த்தார். வார்டன் சிரித்தார்.

"அந்த மூணு பிள்ளைகளும் கேட்டுக்கிட்டதாலதான் சார் விலக்கு கொடுத்தேன். வேலை மிச்சம்னு சந்தோஷப்பட்டுச்சு இது. தேங்க்ஸ் கூடச் சொல்லுச்சு. கேட்டுப் பாருங்க."

"சொன்னியாம்மா?"

கண்காணிப்பாளரின் பேனா காத்திருந்தது.

"சொன்னேன்."

பேனா எழுதியது.

"ஆனா நான் கேக்கல சார். சத்தியமா கேக்கல. அவங்களாத்தான் அடிச்சாங்க."

"சரி. அதுக்குச் சாட்சி?"

சாட்சி யாரும் இல்லை. தட்டைக் கவிழ்த்த பெஞ்சுக்காரர்கள் வந்து சொல்லப்போவதில்லை. பார்த்த நூறு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததாகத்தான் சொல்வார்கள். எழுந்து ஓடிவிடலாமா என்று அவளுக்கு இருந்தது. கதவு எத்தனை எட்டில் இருக்கிறது என்றுகூடப் பார்த்தாள்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

செண்பகவல்லி எழுந்தார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் மேசையைச் சுற்றி வந்து, மர பெஞ்சில் மாரிக்கனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன மேடம், அங்க போய் உட்கார்ந்துட்டீங்க?"

"சாட்சி கேட்டீங்களே சார்."

"நீங்க போன மாசம் மெஸ்ஸுல இருந்தீங்களா?"

"போன மாசம் இல்ல. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி. இதே ஹாஸ்டல்லதான் இருந்தேன்."

அவர் குரல் பாடம் நடத்துகிற குரலாக இல்லை. ஒல்லியாக இருந்தது.

"ஒரு நாள் எங்க பெஞ்சுக்கு ஒரு பொண்ணு மோர் ஊத்த வந்தா. ஆறு பேர் இருந்தோம். அஞ்சு பேர் எழுந்தாங்க. நானும் எழுந்தேன். எனக்கு அவமேல அருவருப்பு எதுவும் கிடையாது சார். நல்ல வெயில், மோர் குடிச்சாத் தேவலைன்னுதான் இருந்தது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தா நாளைக்கு என்கூட யாரு உட்காருவான்னு பயம். அந்தப் பயத்துலதான் எழுந்தேன். அடுத்த மாசம் அந்தப் பொண்ணு டி.சி. வாங்கிட்டுப் போயிட்டா."

"இதெல்லாம் பழைய கதை மேடம்."

"பட்டியல் புதுசு சார்."

"பாருங்க, நீங்க பேசறதெல்லாம் பதிவாகும். அடுத்த வருஷம் உங்களுக்குத் துறைத் தலைவர் பதவி வரணும்."

"பதிவாகட்டும். விடுதியில நூத்திப் பத்துப் பேர். மூணு பேருக்கு விலக்கு. மூணும் காலனிப் பிள்ளைங்க. கேட்டு வாங்கினாங்கன்னா விண்ணப்பம் இருக்கணும். இருக்கா?"

வார்டன் முதன்முறையாகச் சிரிக்காமல் இருந்தார். "வாய்மொழியாக் கேட்டாங்க" என்றார்.

"கேக்கல" என்றாள் மாரிக்கனி. இந்தத் தடவை அது அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மூடியிருந்த சன்னலுக்கு வெளியே மரத்தடியில் பேச்சு நின்றது.

முதல்வர் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கண்காணிப்பாளரிடம் சொன்னார்.

"விசாரணை முடியற வரைக்கும் மூணு பேரையும் பட்டியல்ல சேர்த்துடுங்க. இன்னைக்கு மத்தியானத்துலேர்ந்தே." அவள் பக்கம் திரும்பினார். "மெஸ்ஸுல ஏதாவது ரகளை நடந்தா நீதான் பொறுப்பு. புரியுதா?"

வெளியே வந்ததும் மாரிக்கனி வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டாள். செண்பகவல்லி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திறக்க முடியவில்லை. அவர் விரல்கள் வழுக்கின. மாரிக்கனி வாங்கித் திறந்து கொடுத்தாள்.

"மேடம், மத்தியானம் என் முறை."

"ம்."

"எல்லாரும் எழுந்து போயிட்டா?"

"போகலாம்."

"நீங்க மெஸ்ஸுக்கு வருவீங்களா?"

"வரமாட்டேன்."

"ஏன் மேடம்?"

"நான் வந்து நின்னா என் முகத்துக்காக உட்காருவாங்க. நான் போனதும் எழுந்துடுவாங்க."

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. சாம்பார் வாளி கனமாக இருந்தது. கரண்டிக் காம்பு வியர்வையில் நழுவியது. முதல் பெஞ்சுக்கு வந்தபோதே இரண்டு பேர் எழுந்தார்கள். தட்டை மேசையில் வேண்டுமென்றே ஓசைப்பட வைத்தார்கள். அடுத்த பெஞ்சில் நான்கு பேர் எழுந்தார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒரு முதலாமாண்டுப் பெண், பக்கத்திலிருந்தவள் கையைப் பிடித்து இழுத்தும் எழவில்லை. தலையைக் குனிந்தபடி தட்டை முன்னால் நகர்த்தினாள். அவள் காது சிவந்திருந்தது.

மாரிக்கனி ஊற்றினாள். கொஞ்சம் அந்தப் பெண்ணின் பாவாடையில் சிந்தியது.

"ஐயோ, ஸாரி."

"பரவால்லக்கா. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

கடைசிப் பெஞ்சு வரைக்கும் போய்த் திரும்பினாள். வாளியைக் கீழே வைத்தபோது உள்ளங்கையில் கம்பி பதிந்திருந்தது.

மூன்று மணிக்கு அம்மா போனில் கூப்பிட்டாள்.

"ஆபீஸ் மேஸ்திரி கூப்பிட்டு விட்டாரு. உன் மக காலேஜ்ல என்ன பண்ணுதான்னு கேட்டாரு."

"நீ என்னம்மா சொன்ன?"

"சோறு போடுதான்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"ரெண்டு வாரம் கழிச்சு வாம்மா, பாப்போம்னாரு. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்று பொய் சொன்னாள் மாரிக்கனி.

மரத்தடியில் அட்டைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பெனாசிர் குரல் வராமல் சிரித்தாள். மற்றவர்கள் பாட்டுப் பாடினார்கள். மாரிக்கனியால் அங்கே நிற்க முடியவில்லை. கணிதத் துறைக்குப் போனாள்.

செண்பகவல்லியின் மேசையில் விடைத்தாள்களின் மேலே ஒரு வெள்ளைக் கவர் பிரித்துக் கிடந்தது. விசாரணைக் குழுவின் நடைமுறையை மீறியதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும் என்று அதில் இருந்தது. அவர் அதை மறைக்கவில்லை.

"எத்தனை பேர் எழுந்தாங்க?"

"பத்தொன்பது."

"மத்தவங்க?"

"சாப்பிட்டாங்க. சில பேர் நிமிர்ந்தே பாக்கல. ஆனா சாப்பிட்டாங்க."

"ம்."

"அம்மாவை வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க மேடம்."

செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கவரை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டார். எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். மாரிக்கனி உட்கார்ந்தாள்.

"இந்த வாரம் பூரா என் முறைதான். நாளைக்கும் போகணும்."

"போவியா?"

"போவேன்." அவள் கையைப் பார்த்துக்கொண்டாள். "ஆனா பயம் போகல மேடம். கொஞ்சம்கூடப் போகல. காலைல கேட்டேன், நீங்க பதில் சொல்லல. அது எப்படிப் போகும்?"

செண்பகவல்லி தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார். அவை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"எனக்குத் தெரியாது மாரி. உனக்கு முதல்ல போச்சுன்னா, வந்து எனக்குச் சொல்லிக்கொடு."