சாதுர்மாஸ்யத்தில் ஒரு நடை

"அம்மா, நான் சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க!"

மருதாசலம் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார். அறுபத்துநாலு வயது. ரயில்வேயில் சிக்னல் பார்த்து ரிட்டயரானவர். கோயமுத்தூரை விட்டு, இமயமலை அடிவாரத்து இந்த ஆற்றங்கரை ஆசிரமத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது.

அவருடைய குரு விமலாம்பாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதனாலென்ன? ஸ்டேஷன் மாஸ்டரைக் கண்ட மாதிரி விறைத்துத்தான் நிற்பார்.

விமலாம்பா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரு கேக்கலை?"

"ஊர்க்காரங்கதானுங்க. மேலே பனி உருகி இறங்குது. மூணு நாளா மழை வேற. சாயங்காலத்துக்குள்ள ஆறு ஊருக்குள்ள வந்துரும்னு சர்க்கார் ஜீப்புல மைக் கட்டிச் சொல்லிட்டுப் போயிட்டாங்க. நாப்பது வீடுங்க. ஒருத்தர் அசையலை."

"ஏன்?"



"மாதாஜி நீங்க உக்காந்திருக்கற வரைக்கும் ஆறு ஏறாதாமுங்க. அந்த டீக்கடை தில்பர் சிங் கட்டில்ல சாஞ்சுக்கிட்டு எனக்கே புத்தி சொல்றான்."

"அவருக்கு யாரு சொன்னது?"

மருதாசலம் ஈர வேட்டி நுனியைப் பிழிந்தார்.

"மருதாசலம்?"

"நான்தானுங்க."

சாதுர்மாஸ்யம் தொடங்கியிருந்தது. மழைக்காலத்தில் துறவி ஓரிடத்தில் அமர்ந்துவிட்டால் நாலு பட்சம், அதாவது இரண்டு மாதம், எல்லை தாண்டக் கூடாது. விமலாம்பா பதினாலு வருஷமாக ஒரு தடவைகூடத் தப்பாத விரதம் அது. பெருமை தாங்காமல் மருதாசலம் டீக்கடையில் போய் அளந்துவிட்டார். "எங்கம்மா உக்காந்தா உக்காந்ததுதான். ஆறே வந்தாலும் ஒதுங்கித்தான் போகணும்!" வாய் சும்மா இருந்தால்தானே!

"மேலே கிளம்பச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் குடுங்கம்மா. கொண்டுபோய்க் காட்டறேன்."

விமலாம்பா கீரை முறத்தை நகர்த்தி வைத்தார். கமண்டலத்தை எடுத்தார். எழுந்து நடந்தார்.

ஆசிரமத்து எல்லைக்கல் பக்கம் போனபோதுதான் மருதாசலத்துக்கு உறைத்தது. ஓடிப்போய்க் குறுக்கே விழுந்தார்.

"ஐயோ அம்மா! பதினாலு வருஷமுங்க!"

"எந்திரிங்க. சேறாகுது."

தாண்டியே விட்டார்.

ஊருக்குள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. தெரு நடுவே நடந்து நேராக மலைப்பாதையில் ஏறினார்.

தில்பர் சிங் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தான்.

"மாதாஜியே போறாங்க!"

அப்புறம் என்ன இருக்கிறது? மாட்டை அவிழ்த்தார்கள். பிள்ளைகளைத் தூக்கினார்கள். நடக்க முடியாதவர்களை முதுகில் சுமந்தார்கள். மருதாசலம் நாற்பது கதவையும் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசி ஆளாக ஏறினார்.

பொழுது சாய்வதற்குள் ஆறு வந்துவிட்டது. மேலே பள்ளிக்கூட மைதானத்தில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். ஆசிரமத்துக் கூரை ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்துபோனது. தெரு இருந்த இடமே தெரியவில்லை.

மருதாசலம் தலை எண்ணினார். நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினார். ஒருத்தரும் குறையவில்லை.

அப்பாடா!

ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். தில்பர் சிங் அவரைக் கட்டிக்கொண்டு அழுதான், நடுநடுவே சிரித்தான். யாரோ அடுப்பு மூட்டி டீ போட்டார்கள். அப்படியொரு டீயை அவர் ஆயுசில் குடித்ததில்லை.

ஆனால் குடித்து முடித்ததும் கவலை வந்துவிட்டது. சட்டப்படி வேலை பார்த்தே பழகிய மனுஷர்.

"அம்மா, சனம் பிழைச்சுது, சந்தோஷமுங்க. ஆனா என் வாயால உங்க விரதம் போச்சுங்களே."

விமலாம்பா டம்ளரை ஊதி ஆற்றினார்.

"மழைக்காலத்துல துறவி நடக்கக் கூடாதுன்னு எதுக்கு வெச்சாங்க?"

"அது தெரியாதுங்களா? பாதையெல்லாம் புழு பூச்சி ஊர்ந்துட்டிருக்கும். நடந்தா காலடியில உசிரு போயிருமுங்க."

"உக்காந்திருந்தா?" என்றார் விமலாம்பா.